நாலு பேருக்கு ஒரு மூச்சு

ஈச்சங்கரையில் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஆறு பேரில் இரண்டு பேர் பிணமாகவும் நான்கு பேர் உயிரோடும் மேலே வந்தார்கள். உயிரோடு வந்த நான்கு பெண்களுக்கும் சேர்த்து மூச்சு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆற்றில் நுரை எந்த வருஷம் வந்தது, பெரிய தெருக் கிணறு எந்த வருஷம் சிவந்தது என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பங்குனி வெயில். தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டதென்று எட்டியப்பனும் தாவீதும் முதலில் இறங்கினார்கள், இறங்கியவர்கள் ஏறவில்லை. ஜன்னலோரம் தோலின் விளிம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்த அமுலு, எட்டியப்பனின் மகள், பத்தொன்பது வயசுக்காரி, “நைனா” என்று கத்திக்கொண்டே ஓடி இரும்பு ஏணியில் இறங்கினாள். அவளைப் பிடித்திழுக்க அதே மேசைக்காரி தெபோராள் இறங்கினாள். தெபோராளைப் பிடிக்க ஐம்பது வயசு பச்சையம்மா இறங்கினாள். பச்சையம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்த ஜைத்தூன், நாலு மாசக் கர்ப்பிணி, முந்தானையை விட மனசில்லாமல் அதோடு கூடவே இறங்கினாள். தீயணைப்பு வண்டி வந்து ஆறு பேரையும் தூக்கி வெயிலில் வரிசையாகக் கிடத்தியது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் வசுமதி ஆண்கள் இருவரின் கண்களையும் மூடிவிட்டுப் பெண்களிடம் வந்தார். நான்கு நெஞ்சும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. தெபோராளின் முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தபோது நான்கு முகத்திலும் ரத்தம் திரும்பியது. அவர் மூடியை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். பிறகு, “இன்னொரு சிலிண்டர் இறக்க வேண்டாம், வண்டியிலேயே இருக்கட்டும்” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, சீட்டில் ‘நோயாளிகள் நான்கு, சுவாசம் ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி மாடிப்படி ஏறினால் மற்ற மூவருக்கும் வியர்க்கும் என்பதையும், ஒருத்தி அழுதால் நாலு பேருக்கும் நெஞ்சடைக்கும் என்பதையும், ஒருத்தி ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் மூச்சு நூலாக இழுபட்டு நாலு பேரும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதையும் நாங்கள் ஒரு மாதத்துக்குள் தெரிந்துகொண்டோம். சர்ச்சுக்குப் பின்னாலிருந்த வரிசை வீடுகளில் நாலு வீட்டைக் காலி செய்து அவர்களுக்கு விட்டோம். பச்சையம்மாவின் கணவன் தசரதன் பாயைச் சுருட்டிக்கொண்டு முனகியபடியே வந்து சேர்ந்தான். லாரியில் போகும் ஜைத்தூனின் கணவன் வரும்போது மட்டும் வந்தான். தெபோராளுக்குக் கணவன் இல்லை. அமுலுவுக்கு அவள் அம்மா தனபாக்கியம் மட்டும்தான் மிச்சம். பஸ் கண்டக்டர் கடைசி சீட்டில் நாலு இடம் விட்டுவைத்தார். ஜைத்தூன் தொழுகிற நேரத்தில் மற்ற மூவரும் வேலையை நிறுத்திச் சும்மா உட்கார வேண்டும் என்று ஜமாத்தும், தெபோராள் ஞாயிற்றுக்கிழமை பாடுகிற நேரத்தில் மற்ற மூவரும் கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்று சர்ச்சும் பேசி முடிவுசெய்தன. இழவுச் செய்தி எதுவானாலும் அவர்கள் தெருவில் முதல் நாள் சொல்லக்கூடாதென்று வழக்கம் வந்தது. தோல்ஷாப்பு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, நாலு பேருக்கும் ஒரே பெஞ்சைப் போட்டுக்கொடுத்தது. மூன்று மாசத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அவர்களைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

பேச்சுதான் பெரிய கஷ்டம். ஒருத்தி பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்போதும் நாலைந்து வார்த்தைக்கு மேல் தாங்காது. இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு வார்த்தையைச் சொன்னால் மூச்சு இரண்டு பக்கம் இழுபட்டு நாலு பேருக்கும் இருமல் வரும். அதனால் சண்டைகூடப் போட முடியாமல் போனது. கண்ணால் முறைத்துக்கொள்வார்கள்.

ஆவணியில் ஜைத்தூனுக்கு வலி கண்டது. பிரசவ அறையில் நாலு கட்டில் போட்டார்கள். முக்குவதற்கு மூச்சுப் போதாமல் ஜைத்தூன் நீலம்பாரித்துக்கொண்டிருந்தாள், மற்ற மூவரும் தங்கள் பங்கையும் அவளுக்கே விட்டுக்கொடுத்து வெளுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தெபோராள் என்ன நினைத்தாளோ, கண்ணை மூடிக்கொண்டு “ஊ” என்று ஒரு சத்தம் எடுத்தாள்.

அந்தச் சத்தம் அவள் சின்ன வயதில் கற்றது. ஜங்ஷன் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவரின் வீட்டில் அவள் அம்மா சமையல் செய்தபோது, மத்தியான வேளைகளில் அந்த வீட்டுத் துரைசாணி இசைத்தட்டுப் போட்டுக் கேட்பாள். அட்டைப்படத்தில் மூன்று கறுப்புப் பெண்கள் தோள் உரசி நின்றிருப்பார்கள். “இதுக்குப் பேரு சோல்,” என்று துரைசாணி சொன்னாள். “சோல்னா உயிருடி.” தெபோராளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் முன்னால் பாடுகிறவளை விட்டுவிட்டு, பின்னால் நின்று ஊ என்றும் ஆ என்றும் தாங்கிப் பிடிக்கிற பெண்களின் பங்கை மட்டும் அப்படியே மனசில் ஏற்றிவைத்திருந்தாள்.

இப்போது அந்த ஊவை பச்சையம்மா கீழே பிடித்தாள், அமுலு மேலே பிடித்தாள், ஜைத்தூன் வலியோடு நடுவில் வந்து சேர்ந்தாள். நாலு பேரும் ஒரே சத்தத்தில் நின்றபோது மூச்சு திறந்துகொண்டது. கால்பங்கு மூச்சல்ல, ஆளுக்கொரு முழு மூச்சு, தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் இருந்ததைப் போன்ற மூச்சு. ஜைத்தூனின் பெண்குழந்தை அந்தச் சத்தத்தின் மேலேயே வெளியே வந்தது. டாக்டர் வசுமதி தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டே, “நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க” என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் பாடினார்கள். பாட்டு மேல் இருந்த ஆசையில் அல்ல, மூச்சு விடுவதற்காகப் பாடினார்கள். பாடுகிற நேரத்தில்தான் ஒருத்திக்கு மற்றவள் பாரமாக இல்லை. தோலைக் கத்தரிக்கும்போதும், குழந்தையைக் குளிப்பாட்டும்போதும், ரேஷன் வரிசையிலும் பாடினார்கள். வார்த்தை வேண்டுமென்பதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் வார்த்தையாகப் போட்டார்கள். ஷிப்டு மணி ஒரு பாட்டாயிற்று. ஆற்று நுரை ஒரு பாட்டாயிற்று. பச்சையம்மாவின் வெடித்த உள்ளங்கை ஒரு பாட்டாயிற்று. கிறிஸ்துமஸ் ஆராதனையை ஒலிப்பதிவு செய்ய மெட்ராஸிலிருந்து வந்த சுகந்தன் என்ற மனிதர், சர்ச்சு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர்கள் முணுமுணுத்ததைக் கேட்டு, ஒரு கையில் மைக்கோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இதை யாரு சொல்லிக்கொடுத்தா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல,” என்றாள் தெபோராள். மூச்சு வாங்கிக்கொண்டாள். “இது சோலு.”

சுகந்தன் பக்திப் பாட்டுக் கேசட்டுகள் போட்டுக்கொண்டிருந்தவர். அவர்களுக்காக ஒரு கேசட் போடுவதென்று அன்றைக்கே முடிவுசெய்தார். பத்துப் பாட்டு வேண்டும், பக்கத்துக்கு அஞ்சு. ‘ஒரே மூச்சு’ என்று பெயர் வைத்தார். பாஸ்டர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு காலி வகுப்பறையின் சாவியைக் கொடுத்தார், வேலை முடிந்து சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே பழகினார்கள், ஜன்னலுக்கு வெளியே ஊர் கூடி நின்று கேட்டது. எங்கள் ஊரின் பெயர் ஒரு கேசட்டின் மேல் அச்சாகப் போகிறது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. ஒன்பது பாட்டு தயாராயிற்று. பத்தாவதுக்குத்தான் வார்த்தை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விசாரணை அதிகாரி வந்தார். இரண்டு பேர் செத்ததற்கு ஒரு விசாரணை வேண்டுமென்று பத்து மாசம் கழித்து அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்திருந்தது. தாலுகா அலுவலகத்தில் மேசை போட்டு நாலு பேரையும் உட்காரவைத்தார்.

“தனித்தனியா சொல்லணும்மா. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழக்கூடாது. ரூல் அப்படி.”

தெபோராள் முதலில் போனாள். தொட்டிக்குள் யார் இறங்கச் சொன்னார்கள் என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள், நாலு வார்த்தையில் மூச்சு முடிந்து காத்திருந்தாள், மறுபடி நாலு வார்த்தை சொன்னாள். எட்டியப்பன் கயிறு கேட்டது வரைக்கும் வருவதற்குள் அதிகாரிக்கு டீ வந்து ஆறிப்போனது.

“எழுதி... தர்றோம் சார்.”

“எழுதினது செல்லாதும்மா. நான் கேக்கணும், நீங்க சொல்லணும்.”

“நாலு பேரும்... சேந்து சொல்றோம்.”

“அது சொல்லிக்கொடுத்ததுன்னு ஆயிடும்.” அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். சாட்சிகள் தனித்தனி விசாரணைக்கு உகந்த நிலையில் இல்லை என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்.

 வகுப்பறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அமுலு சொன்னாள்.

“சேந்துதான் சொல்ல முடியும்னா...” நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டாத்தான்க்கா சொல்லணும்.”

பத்தாவது பாட்டு அப்படித்தான் வந்தது. அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஜன்னலோர மேசையிலிருந்து அவர்கள் பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான் இருந்தது. எட்டியப்பன் தொட்டிக்கு மேலே நின்று கயிறு கேட்டான், மாடிப்படியில் நின்றிருந்த சின்ன முதலாளி, “கயிறு எதுக்கு? அஞ்சு நிமிஷ வேலை, எறங்கு” என்றான், எட்டியப்பன் தாவீதைப் பார்த்தான், தாவீது லுங்கியை மடித்துக் கட்டினான். அமுலு முன்னால் நின்று பாட, மூவரும் பின்னால் தாங்கினார்கள்:

*கயிறு கேட்டான் எட்டியப்பன்*
*எறங்கு, எறங்கு*
*மாடிப்படியில யாரு நின்னா*
*எறங்கு, எறங்கு*
*மேல நின்ன வாய்க்குப் பேரென்ன*

அதற்குப் பிறகு சின்ன முதலாளியின் பெயர் வரும். நாலு குரலும் சேர்ந்து ஒரே ஒரு தடவை சொல்லும்.

முதல் நாள் அந்தப் பாட்டைக் கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனோம். இரண்டாம் நாள் யாரும் வரவில்லை. நாலு பெண்களுக்கு ஒரு மூச்சு என்பதைச் சுலபமாக ஏற்றுக்கொண்ட ஊருக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கண்டக்டர் கடைசி சீட்டில் வேறு ஆட்களை உட்காரவைத்தார். ரேஷன் கடையில் வரிசை அவர்களுக்கு மட்டும் நகரவில்லை. “ஜெபத்துக்குன்னு குடுத்த அறைம்மா அது,” என்று பாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டு போனார், போகும்போது தெபோராளின் முகத்தைப் பார்க்கவில்லை.

தசரதன் தோல்ஷாப்பில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் பச்சையம்மாவின் எதிரில் உட்கார்ந்து கெஞ்சினான்.

“ஒம்போது பாட்டு போதாதா மே? நுரையப் பாடு, கையப் பாடு, யாரு வேணான்னா? ஷாப்ப மூடிட்டா ஊரே இன்னா துன்னும்? எட்டியப்பன் எனுக்கும் சிநேகிதன்தான். பாடினா எழுந்து வரப்போறானா?”

பச்சையம்மா பதில் சொல்லவில்லை. சொன்னால் மூன்று பேருக்கு மூச்சு குறையும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளா, பதில் இல்லாமல் இருந்தாளா என்பது எங்களுக்குத் தெரியாது.

மாசி பிறந்தபோது அமுலு ரத்தம் துப்பினாள். நாலு பேரில் முதலில் உள்ளே இறங்கியவள் அவள்தான், அடிமட்டம் வரைக்கும் போனவளும் அவள்தான். டாக்டர் வசுமதி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இவளோட நுரையீரல் சல்லடை மாதிரி ஆயிடுச்சு. நீங்க நாலு பேரும் இழுக்கிற மூச்சு இவ வழியாத்தான் ஒழுகிப் போகுது. பாடும்போது முழு மூச்சு உள்ள போகுது பாருங்க, அப்ப இன்னும் கிழியும். பாடாம இருந்தா ஆடி வரைக்கும் தாங்கலாம்.”

“இவ போனா...” என்று பச்சையம்மா ஆரம்பித்து நிறுத்தினாள்.

“தெரியலம்மா. மூணு பேருக்கும் மூச்சு கூடலாம். நாலு பேரும் சேர்ந்து போகலாம். எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல.”

அன்றிலிருந்து டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது. அமுலு போனால் மற்ற மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரும் என்று ஒரு கட்சி. கயிறு அறுந்தால் எல்லா வாளியும் கிணற்றுக்குள்தான் என்று ஒரு கட்சி. கிரிக்கெட் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினோம். அவள் அந்த வழியாகவே மருந்து வாங்கப் போவாள். நாங்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. இதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலையில் குழாயடியில் ஜைத்தூன் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அமுலு பக்கத்தில் குந்தியிருந்தாள். ஜைத்தூன் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“நேத்து ஒண்ணு நெனச்சேன்.” மூச்சு. “உன்னப் பாத்துக்கினே நெனச்சேன்.” மூச்சு. “இவ சீக்கிரம் போயிட்டா...”

“தெரியும்க்கா.”

“எப்பிடி?”

“நீ நெனச்சப்ப இழுத்துச்சு.” அமுலு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “இங்க.”

ஜைத்தூனுக்கு அழுகை வந்தது. அழக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நானும் நெனச்சிருக்கேன்,” என்றாள் அமுலு. “நீங்க மூணு பேரும் இல்லாம...” இருமினாள். “நான் மட்டும் தனியா ஓடற மாதிரி.” மறுபடி இருமினாள். “ஆத்தங்கரையில. வேகமா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் மூச்சு தீர்ந்து, வீட்டுக்குள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த தெபோராளும், தசரதனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாவும் காரணம் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாடுவதா வேண்டாமா என்பதை அமுலுதான் முடிவு செய்தாள். தனபாக்கியம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “ஆடி வரைக்கும் இருடி, எனுக்காக இருடி” என்று கேட்டாள். அமுலு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நைனா கயிறு கேட்டுச்சும்மா,” என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

பங்குனியில் நாலு பேரும் குழந்தையோடு மெட்ராஸ் போனார்கள். சுகந்தன் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையை நாலு நாளைக்கு எடுத்திருந்தார். முதல் நாள் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர் நாலு பேரையும் நாலு தடுப்புக்குள் நிறுத்தி, ஒவ்வொருத்தியாகப் பாடச் சொன்னார், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். தனியாகப் பாடியபோது ஒருத்திக்கும் நாலு வார்த்தைக்கு மேல் போகவில்லை. தடுப்புகளை எடுத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு மைக்கை நிறுத்தி, சுற்றி நாலு பேரும் தோள் உரசி நின்று பாடினார்கள். அந்த அறைக்குள் அதுவரைக்கும் யாரும் அப்படி மூச்சு விட்டதில்லை என்று சுகந்தன் பிற்பாடு சொன்னார். முதல் நாள் மூன்று பாட்டு, இரண்டாம் நாள் நாலு பாட்டு. மூன்றாம் நாள் அமுலுவின் இருமல் ஒவ்வொரு பாட்டிலும் விழுந்தது.

சுகந்தன் தெபோராளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காரட்டும்க்கா. நீங்க மூணு பேரும் பாடுங்க. மேல்குரலுக்கு நான் வேற ஆள் பார்க்கிறேன். அவளுக்கும் ஓய்வு கிடைக்கும்.”

“அவ வெளிய உக்காந்தாலும்...” என்றாள் தெபோராள், “எங்க மூச்சுலதான் உக்காரணும்.”

இருமலோடேயே எட்டும் ஒன்பதும் பதிவாயின.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பத்தாவது பாட்டுக்கு நின்றார்கள். சுகந்தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து உள்ளே வந்தார். அவருக்கு ஈச்சங்கரையிலிருந்து போன் வந்திருந்தது, மிரட்டலாகக்கூட இல்லை, மரியாதையாகவே பேசியிருந்தார்கள்.

“ஒம்பது பாட்டு ஒரு கேசட்டுக்குத் தாராளம். இதை விட்டுடலாமே. எனக்குக் குடும்பம் இருக்கு.”

 குழந்தை சுகந்தனின் செருப்பை எடுத்து வாயில் வைத்தது. ஜைத்தூன் அதைப் பிடுங்கினாள்.

“அண்ணே,” என்றாள் அமுலு. “உங்க மூச்சு உங்களுதுதானே?”

அவர் தலையாட்டினார்.

“அப்ப அழுத்துங்கண்ணே.”

அவர் திரும்பிப் போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

ஊ என்று மூவரும் எடுத்தார்கள். மூச்சு திறந்துகொண்டது. அமுலு முன்னால் நின்று, கயிறு கேட்டான் எட்டியப்பன் என்று தொடங்கினாள்; குரலில் கரகரப்பும் இல்லை, இருமலும் இல்லை; ஏணியில் அவள் இறங்கிய படி ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி நிதானமாகப் பாடினாள். மேல நின்ன வாய்க்குப் பேரென்ன என்று கேட்டாள். நாலு பேரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மறுபடி எறங்கு எறங்கு என்று மூவரும் பிடிக்க வேண்டும், அமுலு மேலே ஒரு ஆ எடுக்க வேண்டும். அவள் எடுத்தாள். அது மேலே போய்க்கொண்டே இருந்தது. மூவருக்கும் தங்கள் நெஞ்சிலிருந்து ஒரு நூல் உருவப்பட்டுக்கொண்டே போவது தெரிந்தது. ஒரு நொடி வாயை மூடினால் மூச்சைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்பதும் மூவருக்கும் தெரிந்தது. மூவரும் வாயை மூடவில்லை. எறங்கு எறங்கு என்று தாங்கிக்கொண்டே இருந்தார்கள், கண் இருட்டும் வரைக்கும்.

அமுலு மைக்கைப் பிடித்தபடியே முழங்கால் மடங்கிச் சரிந்தாள்.

அறையில் நாலு பேருக்கும் மூச்சு நின்றது. சுகந்தன் எண்ணவில்லை என்றாலும் அது ரொம்ப நேரம் என்றார். பிறகு பச்சையம்மா இழுத்தாள். அவள் விட்ட பிறகு தெபோராள் இழுத்தாள். தெபோராள் விடுவதற்குள் ஜைத்தூன் இழுத்தாள். ஆளுக்கொரு முழு மூச்சு, ஆளுக்கொரு வேகத்தில், ஒன்றோடொன்று சேராமல் வந்தது. அமுலுவுக்கு மட்டும் வரவில்லை.

வேனில் அவளை ஊருக்குக் கொண்டுவந்தோம். முந்தின வாரம் வரைக்கும் ரேஷன் வரிசையில் அவர்களை நகரவிடாதவர்கள் எல்லாம் மாலையோடு வந்தார்கள். சின்ன முதலாளியும் வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். தனபாக்கியம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் ஜைத்தூன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நடந்தாள். பக்கத்து ஊர் மைல்கல் வந்ததும் அதன்மேல் உட்கார்ந்து, மூச்சு நன்றாக வந்துபோய்க்கொண்டிருந்த தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆசைதீர அழ முடிந்தது. அவள் அழுததால் ஊரில் யாருக்கும் நெஞ்சடைக்கவில்லை.

சாட்சிகள் குணமாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு விசாரணை அதிகாரி திரும்ப வந்தார். இந்த முறை தனித்தனியாகக் கூப்பிட்டார், ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதில் விழவில்லை.

தெபோராள் நடந்ததை நடந்தபடி சொன்னாள், பெயரோடு சொன்னாள்.

ஜைத்தூன், “நான் கர்ப்பமா இருந்தேன் சார், மயக்கமா இருந்தேன், எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, என் பொண்ணு சின்னது சார்” என்றாள்.

பச்சையம்மாவுக்கு அதற்கு முந்தின நாள் ஷாப்பில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள், தசரதனை மேஸ்திரியாக்கியிருந்தார்கள். “அவங்க ரெண்டு பேரும் தாங்களாவே எறங்கினாங்க சார், யாரும் எறங்கச் சொல்லல, சின்ன முதலாளி அன்னிக்கு ஊர்லயே இல்ல, கயிறு எப்பவும் அங்கதான் மாட்டியிருக்கும், எட்டியப்பன்தான் அவசரக்காரன், சொன்னா கேக்க மாட்டான்” என்று அவள் நிறுத்தாமல், இடையில் ஒரு தடவைகூட மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள்.

மூன்று வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அதிகாரி எழுதினார்.

அதற்குப் பிறகு மூவரும் ஒரு தடவை பாடிப் பார்த்தார்களாம். தெபோராள்தான் கூப்பிட்டாளாம். ஒருத்தி தொடங்கும் இடத்தில் மற்றவளுக்கு மூச்சு முடிந்தது. ஒருத்தி இழுக்கும்போது மற்றவள் விட்டாள். மூவருக்கும் நல்ல குரல்தான். சேரவில்லை.

ஆனியில் ‘ஒரே மூச்சு’ கடைகளுக்கு வந்தது, ஒன்பது பாட்டுகளோடு. இருமல் இருந்தும் நன்றாகவே போயிற்று. எங்கள் ஊர் டீக்கடையில் நுரைப் பாட்டைப் போட்டார்கள். பத்தாவது பாட்டை சுகந்தன் ஒரே ஒரு கேசட்டில் மட்டும் ஏற்றி, மேலே எதுவும் எழுதாமல், தானே பஸ் ஏறி வந்து தனபாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

தனபாக்கியத்திடம் டேப்ரிக்கார்டர் இல்லை. ஆடி முதல் நாள் சாயங்காலம் தெபோராள் ஒன்றைக் கடன் வாங்கி எடுத்துக்கொண்டு போனாள். ஜைத்தூன் எப்படித் தெரிந்துகொண்டாளோ, குழந்தையோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து பச்சையம்மா வந்தாள், வாசலைத் தாண்டாமல் நின்றாள். தெபோராள் அவளைப் பார்த்துவிட்டு டேப்ரிக்கார்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனபாக்கியம்தான், “உள்ள வா” என்றாள்.

கேசட் ஓடியது. ஊ என்று சத்தம் எழுந்தது. அந்த அறை சின்னது, அந்தச் சத்தம் அதில் கொள்ளவில்லை. கயிறு கேட்டான் எட்டியப்பன் என்று அமுலு தொடங்கியதும், மூவருக்கும் தங்களை அறியாமல் வாய் திறந்தது. எறங்கு, எறங்கு என்று கேசட்டோடு சேர்ந்து பிடித்தார்கள். தெபோராளின் குரல் முன்னால் போனது, ஜைத்தூனுடையது பாதியில் அறுந்தது, பச்சையம்மா வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்றாள். அந்தப் பெயர் வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தனபாக்கியம் டேப்ரிக்கார்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

“நீங்க நிறுத்துங்கம்மா. அவங்க நாலு பேரும் பாடட்டும்.”